சீருடையைக் கண்டு ஒதுங்குவது தப்பெண்ணமா?

கந்தளாயில் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற சிங்கள நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவருடைய மகன் பொலிஸில் வேலை செய்கிறான். பேச்சுவாக்கில் அவர் ஒரு கேள்வி கேட்டார். "ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு எங்கள் ஆட்கள் முஸ்லிம் கடைக்குப் போகாமல் விட்டார்கள். கேட்டால் பயம் என்றார்கள். அது இனவாதம் என்று நீங்கள் எழுதினீர்கள். நானும் ஒத்துக்கொண்டேன். இப்போது என் மகன் சீருடையோடு உங்கள் ஊர்த் தேநீர்க் கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. அவன் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை. அதற்கு என்ன பெயர்?"

நியாயமான கேள்வி. எங்கள் காயங்களை வரிசையாக எடுத்துக் காட்டி அதை மழுப்பிவிடக் கூடாது. நான் நினைப்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரான கிண்ணியாவில் ஒரு தாய் மகனிடம் "ஐ.சி.யை எடுத்தியா மகன்? சந்தியில நிக்காத, பொலிஸ் மறிச்சாத் திருப்பிக் கதைக்காத" என்று சொல்லி அனுப்புவது தப்பெண்ணம் இல்லை. பட்டறிந்ததைத்தான் அவள் சொல்கிறாள். ஆனால் அந்த அவநம்பிக்கையை வைத்துக்கொண்டு எதையும் செய்யலாம் என்பதில்லை. அதற்கு ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லையைத் தாண்டிய சம்பவங்களும் எங்கள் மக்கள் மத்தியில் நடந்திருக்கின்றன.

2011 ஓகஸ்ட் மாதத்தை எடுத்துக்கொள்வோம். அது நோன்புக் காலம். ஆண்கள் தராவீஹ் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போயிருக்கும் நேரத்தில் வீடுகளில் பெண்களும் பிள்ளைகளும்தான் இருப்பார்கள். உடம்பெல்லாம் கிறீஸ் பூசிய ஆட்கள் இரவில் வந்து பெண்களைத் தாக்குகிறார்கள் என்று மலையகப் பக்கத்தில் கிளம்பிய பேச்சு கிழக்குக்கும் வந்து சேர்ந்தது. ஊர் ஊராக இளைஞர்கள் தடியோடு விழித்திருந்தார்கள். மாதத்தின் நடுப்பகுதியில் ஓரிரவு, கிண்ணியாவில் துரத்தப்பட்ட ஒருவன் கடற்படை முகாமுக்குள் ஓடி மறைந்துவிட்டான் என்று சனம் சொன்னது. முகாமைச் சூழ்ந்தார்கள். கல் பறந்தது. வாகனங்கள் சேதமாகின. துப்பாக்கிச் சத்தம் கேட்டது. இரண்டு பக்கத்திலும் காயம், எங்கள் பக்கத்தில் கைது. முகாம்களைத் தாக்குகிறவர்கள் பயங்கரவாதிகளாகவே கருதப்படுவார்கள் என்று அன்றைய பாதுகாப்புச் செயலாளர் கோட்டாபய ராஜபக்ஷ எச்சரித்தார். அதே மாதக் கடைசியில் நாட்டின் அவசரகாலச் சட்டம் காலாவதியாக இருந்தது என்பதைச் சனம் கவனிக்காமல் இல்லை. கிறீஸ் ஆட்களையும் அதையும் முடிச்சுப் போட்டுப் பேசினார்கள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அப்போது பலர் எழுதினார்கள். கொழும்பில் இருந்து எழுதுவது சுலபம். கிறீஸ் பூதம் உண்மையா பொய்யா என்ற விவாதத்தை நான் இங்கே எடுக்கவில்லை. என் மனதில் நிற்பது வேறொன்று. ஒரு திருடனைத் துரத்திப் போகும் சனம், அவன் காவல் முகாமின் பக்கம் ஓடினால் மகிழ வேண்டும், பிடிபட்டான் என்று. கிண்ணியாவில் அன்றிரவு ஆயிரக்கணக்கான மனங்களில் அதற்கு நேர்மாறான எண்ணம் ஓடியது. அவன் அங்கே ஓடினான் என்றால் அவர்களுடைய ஆளாகத்தான் இருப்பான் என்று ஒருவரும் விளக்கம் கேட்காமலே முடிவுக்கு வந்தார்கள். அரண்டவனைக் குறை சொல்லுமுன் அவனை அரட்டியது யார் என்று கேட்க வேண்டும்.

எங்கள் மாவட்டத்தில் அந்தக் கேள்விக்கு விடை தேடி அதிக தூரம் போக வேண்டியதில்லை. 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, திருகோணமலைக் கடற்கரையில், காந்தி சிலைக்கு அருகே, ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் வைத்திருந்த குண்டே வெடித்துவிட்டது என்பதுதான் அதிகாரிகள் முதலில் சொன்ன கதை. பிள்ளைகளின் உடல்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்ததைச் சுப்ரமணியம் சுகிர்தராஜன் என்ற ஊடகவியலாளர் எடுத்த படங்கள் காட்டின. சுடரொளி அவற்றை வெளியிட்டது. அதே மாதம் 24ஆம் திகதி சுகிர்தராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். விசேட அதிரடிப்படை என்பது பொலிஸின் ஒரு பிரிவு. அதைச் சேர்ந்த 12 பேரும் பொலிஸ் அதிகாரி ஒருவருமாக 13 பேர் கைதாவதற்கு 2013 ஜூலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சில மாதங்களில் பிணை. 2019 ஜூலை 3ஆம் திகதி, போதிய சான்று இல்லை என்று திருகோணமலை நீதவான் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. சாட்சி சொல்ல வேண்டியவர்கள் உயிருக்குப் பயந்து நாட்டைவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு பிள்ளையின் தகப்பனாரான வைத்தியர் காசிப்பிள்ளை மனோகரனும் அப்படிப் போனவர்களில் ஒருவர்.

இந்த வழக்கில் நான் திரும்பத் திரும்ப நினைப்பது சுட்டவர்களைப் பற்றியல்ல. சுடுகிறவன் எந்தப் படையிலும் இருப்பான். முதல் நாளே பொய்க் கதை கட்டியவர், அதை எழுதி ஒப்பமிட்டவர், கோப்பை ஏழு ஆண்டு கிடப்பில் போட்டவர், படம் எடுத்தவனைக் காப்பாற்றாதவர், சாட்சிகள் ஓடும்வரை பார்த்திருந்தவர் என்று எத்தனை கைகள் சேர்ந்தால் இப்படியொரு முடிவு வரும்? அந்தக் கைகளில் பெரும்பாலானவை துவக்கைத் தொடாத கைகள். அதே ஆண்டு ஓகஸ்ட் 4ஆம் திகதி, எங்களுக்குப் பக்கத்து ஊரான மூதூரில், பட்டினிக்கு எதிரான அமைப்பின் உதவிப் பணியாளர்கள் 17 பேர் தங்கள் அலுவலக வளவிலேயே கொல்லப்பட்டார்கள். 16 தமிழரும் ஒரு முஸ்லிமும். அந்த வழக்கும் யாரையும் தண்டிக்காமல் கிடக்கிறது.

இவை தமிழர்களின் கதைகள்தானே, கிண்ணியா முஸ்லிம்களுக்கு என்ன என்று கேட்கக்கூடும். இங்கேதான் என் நண்பருக்கான பதிலின் முக்கியமான பகுதி இருக்கிறது. எங்கள் ஊரில் பொலிஸைப் பற்றிய நினைவு ஒன்றல்ல, இரண்டு. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி இரவு காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்ற பிறகு, கிழக்கு முஸ்லிம்கள் பாதுகாப்புக்குப் பார்த்தது அரசாங்கப் படையைத்தான். எங்கள் இளைஞர்கள் ஊர்காவல் படையில் சேர்ந்தார்கள். பொலிஸ் நிலையம் அப்போது எங்களுக்குப் பயத்துக்கு மருந்தாக இருந்தது. கிண்ணியாப் பிரதேசத்திலேயே இருக்கும் ஆலங்கேணித் தமிழருக்கு அதே ஊர்காவல் துவக்கு வேறு மாதிரித் தெரிந்தது. அதை அன்று நாங்கள் போதுமான அளவு கேட்கவில்லை என்றே நான் கருதுகிறேன்.

பிறகு 2011 வந்தது. 2014 ஜூனில் அளுத்கமவிலும் 2018 மார்ச்சில் திகனவிலும் முஸ்லிம் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது சீருடைக்காரர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்று அடிபட்டவர்கள் சொன்னார்கள். திகனவில் எடுத்த சில காணொளிகள் பார்த்துக்கொண்டு நின்றதைவிட மோசமானவற்றைக் காட்டின. 2019 ஜனவரியில் கிண்ணியா கண்டல்காட்டில், மணல் அகழ்வைப் பிடிக்கப் போன கடற்படையினருக்குப் பயந்து ஆற்றில் குதித்த இளைஞர்கள் கரையேறவில்லை. சனம் கல்லெறிந்ததில் கடற்படையினர் பலர் காயப்பட்டார்கள். அனுமதியில்லாமல் மணல் அள்ளுவது குற்றம், அதைப் பிடிப்பது அரசின் கடமை, இதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பிடிபட்டால் ஒரு வழக்கு, ஒரு தண்டப்பணம் என்று நம்புகிறவன் மகாவலியில் குதிக்க மாட்டான். அவன் எதை எதிர்பார்த்துக் குதித்தான் என்பதைப் படைகள் தங்களுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அதே ஆண்டு ஏப்ரலில் ஈஸ்டர் குண்டுகள். அதற்குப் பின் நடந்த கைதுகளில் ஒன்று என் மனதைவிட்டுப் போவதில்லை. ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண், கப்பல் சுக்கான் படம் அச்சிட்ட ஆடை உடுத்தியிருந்தார். அது தர்மச் சக்கரம் என்று சொல்லி அவரைப் பிடித்து அடைத்தார்கள். சுக்கானையும் தர்மச் சக்கரத்தையும் பிரித்துப் பார்க்கத் துறைமுக மாவட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மன்னாரைச் சேர்ந்த இளம் கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதைத் தொகுப்புக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். வன்முறைக்கு எதிரான கவிதைகள் கொண்ட அந்த நூல் தீவிரவாதத்தைப் பரப்புகிறது என்றார்கள். ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக அடைபட்டுக் கிடந்து, 2023 டிசம்பரில் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார்.

இப்போது கவனியுங்கள். 1990இல் பொலிஸை நம்பிய அதே சமூகம் 2019இல் நம்பவில்லை. இடையில் எங்கள் மார்க்கம் மாறவில்லை, மொழி மாறவில்லை, இரத்தம் மாறவில்லை. நடந்தவை மாறின, நம்பிக்கையும் அதோடு மாறியது. தப்பெண்ணம் இப்படி நடந்துகொள்ளாது. அது எத்தனை நல்லவரைக் கண்டாலும் அசையாது, ஒரு கெட்டவரைக் கண்டால் மட்டும் "நான் அப்போதே சொன்னேன்" என்று எழுந்து நிற்கும். ஈஸ்டர் குண்டுதாரிகளின் தலைவன் சஹ்ரானின் பேச்சைப் பற்றி, குண்டுகள் வெடிப்பதற்கு முன்பே முஸ்லிம்களே அதிகாரிகளிடம் முறையிட்டிருந்தார்கள். அந்தச் செய்தி எங்கள் கடைகளைத் தவிர்த்த எவரையும் ஒரு அங்குலம்கூட நகர்த்தவில்லை.

இன்னும் ஒரு வேறுபாடு உண்டு, இது என் நண்பருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. முஸ்லிம் என்பது ஒரு நிறுவனம் அல்ல. அதற்கு ஒரு பொறுப்பதிகாரியோ, கட்டளை வரிசையோ, ஒழுக்காற்று விசாரணையோ கிடையாது. சஹ்ரான் செய்ததை விசாரித்துத் தண்டிக்கும் அதிகாரம் கிண்ணியாவில் மரக்கறி விற்கிறவருக்கு இல்லை. பொலிஸ் அப்படியல்ல. 1865ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் முதல் இன்றுவரை ஒரே தலைமை, ஒரே பதிவேடு, ஒரே சீருடை. ஒருவர் தவறு செய்தால் மற்றவர் விசாரிக்க வேண்டும், அதற்குச் சம்பளமும் சட்டமும் அதிகாரமும் இருக்கிறது. விசாரிக்காமல் மறைத்தால் அந்தத் தவறு நிறுவனத்தின் தவறாகிவிடுகிறது. ஆகவே நிறுவனத்தைச் சந்தேகிப்பது, பிறப்பால் ஒருவரைச் சந்தேகிப்பதோடு ஒத்ததல்ல. இன்னொன்று, நாங்கள் சந்தேகித்தால் தேநீர்க் கடையில் பேச்சு நிற்கும். அவர்கள் சந்தேகித்தால் ஒருவனுடைய ஒன்றரை ஆண்டு போகும்.

பொலிஸைப் பற்றிய பயம் சிறுபான்மையினரின் கற்பனை என்று நினைப்பவர்கள் வத்தளைக்குப் போய்க் கேட்கலாம். கொழும்புத் துறைமுகக் கப்பல் தளத்தில் வேலை செய்த ஜெரால்ட் பெரேரா என்ற சிங்களவரை 2002 ஜூனில் ஆள் மாறாட்டமாகப் பிடித்து, உணர்விழந்து போகும் அளவுக்கு வதைத்தார்கள். உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. தன்னை வதைத்தவர்களுக்கு எதிராக மேல் நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதற்குச் சில நாட்களே இருந்தபோது, 2004 நவம்பரில், ஓடும் பஸ்ஸில் வைத்துச் சுடப்பட்டு இறந்தார். இருபது ஆண்டு பழைய கதை என்று தள்ளிவிடவும் முடியாது. தேசபந்து தென்னக்கோன் முன்பு ஒருவரை வதைத்ததற்குப் பொறுப்பானவர் என்று 2023 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அவர் பதில் பொலிஸ் மா அதிபர். அந்தத் தீர்ப்பு வந்த இரண்டரை மாதத்துக்குள் அவரையே நிரந்தரப் பொலிஸ் மா அதிபராக நியமித்தார்கள். நாட்டின் அதியுயர் நீதிமன்றம் சித்திரவதைக்குப் பொறுப்பாளி என்று சொன்ன ஒருவர் பொலிஸின் தலைவராக இருந்த அந்த மாதங்களில், பொலிஸை நம்பு என்று ஒரு குடிமகனிடம் சொல்லும் தகுதி யாருக்கு இருந்தது? 2024 ஜூலையில் உயர் நீதிமன்றம் அவரைப் பணியாற்ற விடாமல் தடுத்தது. 2025 ஓகஸ்டில் நாடாளுமன்றம் 177 வாக்குகளால் பதவி நீக்கியது. இது பெரிய விடயம், இதற்கு முன் நடக்காத விடயம். இப்படிப்பட்டவை தொடர்ந்து நடந்தால் எங்கள் ஊரின் பேச்சும் மாறும், மாற வேண்டும்.

இனி எல்லையைப் பற்றிப் பேச வேண்டும், இதை எங்கள் ஆட்கள் கேட்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

கிண்ணியாவில் கல் பறந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். 2011 ஓகஸ்ட் 21ஆம் திகதி புத்தளத்தில், அதே கிறீஸ் பூதக் கலவரத்தில், போக்குவரத்துப் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரைக் கும்பல் அடித்துக் கொன்றது. அவர் ஐந்து மாணவர்களைச் சுட்டவர் அல்லர், யாருடைய கோப்பையும் மறைத்தவர் அல்லர். வீதியில் வாகனங்களை ஒழுங்குபடுத்துவது அவர் வேலை. அவர் உடம்பில் இருந்த சீருடை ஒன்றே அவருக்கு எதிரான சான்றாகப் போதுமாக இருந்தது. தப்பெண்ணம் என்பதற்கு இதைவிட முழுமையான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. மறுநாள் இரவு யாழ்ப்பாணம் நாவாந்துறையில் இராணுவம் வீடு வீடாகப் புகுந்து சுமார் நூறு ஆண்களை அடித்து இழுத்துப் போனதும் அதே கணக்குத்தான், கை மட்டும் மாறியது. நாவாந்துறைக்காக அடிப்படை உரிமை மீறல் மனுக்கள் போனபோது நாங்கள் எல்லோரும் பேசினோம். புத்தளத்துப் பொலிஸ்காரருக்காக எத்தனை பள்ளிவாசல் மிம்பரில் பேசினார்கள்? அவருக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள்.

தற்காப்புக்கான அவநம்பிக்கை என் உடம்போடும் என் வாயோடும் நிற்பது. விலகி நடப்பது, வழக்கறிஞர் வரும்வரை பேசாமல் இருப்பது, தனியாகப் பொலிஸ் நிலையம் போகாமல் துணைக்கு ஆள் கூட்டிப் போவது, நடப்பதைக் கைப்பேசியில் பதிவது. இவற்றால் எந்த நேர்மையான உத்தியோகத்தருக்கும் நட்டமில்லை. ஜோர்ஜ் ஃபிளொய்ட் 2020இல் மினியாபொலிஸில் இறந்த அன்று பொலிஸ் விட்ட அறிக்கை, அவருக்கு உடல்நலக் கோளாறு ஏற்பட்டதாகச் சொன்னது. பதினேழு வயதுப் பெண்ணொருத்தி கைப்பேசியோடு அங்கே நின்றிருக்காவிட்டால் அந்த அறிக்கைதான் வரலாறாக இருந்திருக்கும். அவள் யாரையும் வெறுத்ததாகத் தெரியவில்லை. நின்று பார்த்தாள், பதிந்தாள். சுகிர்தராஜன் திருகோணமலையில் செய்ததும் அதைத்தான். அவருக்குத்தான் அந்த மாதத்தின் முடிவைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை.

அவநம்பிக்கை அந்த இடத்தைத் தாண்டி அடுத்தவனுடைய உடம்பைத் தொடும்போது வேறொன்றாகிவிடுகிறது. கல் மட்டும்தான் அப்படித் தொடும் என்பதில்லை. எங்கள் ஊரில் ஐஸ் போதைப்பொருள் விற்கிறவன் யார் என்று பத்து வயதுப் பையனுக்கும் தெரிந்திருக்கும். "சொன்னா, சொன்னவன்ட பேர்தான் முதல்ல அவனுக்குப் போகும்" என்று பெரியவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கலாம். ஆனால் அந்த மௌனத்தின் விலையைக் கொடுப்பது பயப்படுகிற பெரியவர் அல்ல, பக்கத்து வீட்டுப் பிள்ளை. கணவனிடம் அடி வாங்கும் பெண் பொலிஸுக்குப் போகக் கிளம்பினால், குடும்ப மானம் என்று தடுப்பவர்கள் கூடவே "பொலிஸ் நமக்கு எந்தக் காலத்தில நல்லது செஞ்சது?" என்பதையும் சேர்த்துச் சொல்கிறார்கள். நாற்பது ஆண்டு அரச வன்முறையின் வரலாறு இப்படி ஒரு முரட்டுக் கணவனுக்குக் கவசமாகிவிடுகிறது. திருகோணமலைக் கடற்கரையில் இறந்த பிள்ளைகளின் நினைவை அதற்கு இழுப்பது எனக்கு அருவருப்பாக இருக்கிறது. பொலிஸ் இல்லாத இடத்தை நல்லவர்கள் நிரப்புவது அபூர்வம். பணமும் ஆளும் உள்ளவர்தான் நிரப்புகிறார். அவர் செய்யும் விசாரணைக்கு மேன்முறையீடு கிடையாது.

மூன்றாவது ஒன்றும் உண்டு. எங்கள் பையன் ஒருவன் பொலிஸில் சேர்ந்தால் ஊர் அவனை எப்படிப் பார்க்கிறது? கலியாணப் பேச்சில் அது குறையாகிறது, பழைய கூட்டாளிகள் ஒதுங்குகிறார்கள், காட்டிக்கொடுப்பவன் என்ற சொல் முதுகுக்குப் பின்னால் வருகிறது. இலங்கைப் பொலிஸில் மிகப் பெரும்பான்மையானவர்கள் சிங்களவர்கள் என்று முறையிடுகிறோம், தமிழ் தெரிந்தவர் இல்லை என்று முறையிடுகிறோம், சேர வந்தவனையும் தள்ளிவிடுகிறோம்.

வட அயர்லாந்தில் இந்த முடிச்சை அவிழ்க்க முயன்றார்கள், அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே பழைய பொலிஸ் படையில் கத்தோலிக்கர் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவில்தான் இருந்தார்கள். கத்தோலிக்கரின் அவநம்பிக்கை பல தலைமுறைக்கு முந்தியது, காரணமில்லாததும் அல்ல. 1999இல் வந்த பேட்டன் அறிக்கை, மக்களே மனதை மாற்றிக்கொள்ளுங்கள் என்று உபதேசிக்கவில்லை. படையின் பெயரை, சின்னத்தை, ஆட்சேர்ப்பை மாற்றச் சொன்னது. 2001 நவம்பரில் புதிய படை தொடங்கியது. பத்து ஆண்டுகளுக்கு, சேர்ப்பவர்களில் பாதிப் பேர் கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். பொலிஸின் மீதான முறைப்பாட்டைப் பொலிஸே விசாரிக்காமல் தனியான குறைகேள் அதிகாரி விசாரிக்கும் முறையும் வந்தது. கத்தோலிக்க மக்களின் பெரிய விளையாட்டு அமைப்பான கேலிக் தடகளச் சங்கம், பொலிஸ்காரர் தன் உறுப்பினராக முடியாது என்ற பழைய விதியை 2001இல் நீக்கியது. பத்து ஆண்டில் கத்தோலிக்கர் மூன்றில் ஒரு பங்கை நெருங்கினார்கள். 2011 ஏப்ரலில் ரோனன் கெர் என்ற 25 வயதுக் கத்தோலிக்கப் பொலிஸ்காரனை, சேர்ந்த குற்றத்துக்காக, அவன் சமூகத்தவர் என்று சொல்லிக்கொண்ட ஆயுதக் குழுவொன்று காரில் குண்டு வைத்துக் கொன்றது. அவனுடைய இறுதி ஊர்வலத்தில் அந்த விளையாட்டுச் சங்கத்துக்காரர்களும் பொலிஸ்காரர்களும் அணிவகுத்து நின்றார்கள். இரண்டு பக்கமும் தன் வேலையைச் செய்ததால்தான் அது நடந்தது. முதலில் நகர்ந்தது அரசு என்பதை மறக்கக் கூடாது.

எங்கள் நாட்டில் அரசு எவ்வளவு நகர்ந்திருக்கிறது? 13ஆவது திருத்தம் 1987இல் மாகாணங்களுக்குக் கொடுத்த பொலிஸ் அதிகாரம் இன்றுவரை ஒரு நாள்கூடச் செயற்படவில்லை. சுயாதீனப் பொலிஸ் ஆணைக்குழுவை 17ஆவது திருத்தம் உருவாக்கியது, 18 அதன் பல்லைப் பிடுங்கியது, 19 திருப்பிக் கொடுத்தது, 20 மீண்டும் பிடுங்கியது, 21 மீண்டும் கொடுத்தது. பொலிஸ் நிலையங்களில் இரு மொழியும் தெரிந்தவர்கள் இருக்க வேண்டும் என்று கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழு 2011இலேயே சொன்னது. இன்னமும் தமிழில் சொன்ன முறைப்பாடு சிங்களத்தில் எழுதப்பட்டுக் கையெழுத்துக்கு வருகிறது.

ஆனாலும் சான்று வந்தால் அசைய வேண்டும் என்று என் நண்பரிடம் சொன்னேன் அல்லவா, அது எங்களுக்கும் பொருந்தும். திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குள் 'கன்சைட்' என்ற இரகசியத் தடுப்பிடம் இருந்ததும், 2008, 2009 காலத்தில் கொழும்புப் பக்கத்தில் கடத்தப்பட்ட தமிழ், முஸ்லிம் இளைஞர்கள் உட்பட 11 பேர் அங்கே வைக்கப்பட்டிருந்ததும் வெளிவந்தது குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் விசாரணையால். அதைத் துருவிய நிஷாந்த சில்வா ஒரு சிங்களப் பொலிஸ் அதிகாரி. 2019 நவம்பரில் ஆட்சி மாறியதும் அவர் உயிருக்குப் பயந்து குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போக வேண்டியதாயிற்று, மாணவர் வழக்கின் சாட்சிகள் போனதைப் போலவே. அவருடைய மேலதிகாரி ஷானி அபேசேகர 2020 ஜூலையில் கைதாகிப் பத்து மாதத்துக்கும் மேல் அடைபட்டிருந்தார். பம்பலப்பிட்டி முஸ்லிம் வர்த்தகர் மொஹமட் ஷியாமின் கொலைக்காகப் பிரதிப் பொலிஸ் மா அதிபர் வாஸ் குணவர்தனவைக் கூண்டில் ஏற்றிய விசாரணையும் அந்தத் திணைக்களத்தினுடையதுதான். 2015இல் குணவர்தனவுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. சிங்களப் பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று முஸ்லிம் வைத்தியர் ஷாபி மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுக்குச் சான்றில்லை என்று நாடே கொதித்துக்கொண்டிருந்த 2019இல் நீதிமன்றத்தில் சொன்னதும் அவர்களே. கடல் கடந்து தமிழ்நாட்டின் சாத்தான்குளத்தில், பொலிஸ் பிடித்துப் போய் அடித்ததில் இறந்த ஜெயராஜும் பென்னிக்ஸும் விடியவிடிய அடிபட்டதை நீதவானிடம் சொன்னவர் அதே நிலையத்தின் தலைமைக் காவலர் ரேவதி. இவர்களை "விதிவிலக்கு" என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகிறவர், நல்ல முஸ்லிமும் இருக்கத்தான் செய்கிறார் என்று சொன்னவரைக் குறை சொல்ல முடியாது. குறிஞ்சாக்கேணியில் 2021 நவம்பரில் பாதைப் படகு கவிழ்ந்து எங்கள் பிள்ளைகள் தண்ணீருக்குள் போனபோது தேடலில் இறங்கியவர்களில் கடற்படையினரும் இருந்தார்கள். கண்டல்காட்டைச் சொல்லும் வாய் அதையும் சொல்ல வேண்டும்.

ஷானி அபேசேகர 2025இல் அதே திணைக்களத்தின் பணிப்பாளராகத் திரும்பி வந்திருக்கிறார். ஐந்து மாணவர் வழக்கும் மூதூர் வழக்கும் கன்சைட் வழக்கும் இப்போது எங்கே நிற்கின்றன என்பதைத் திருகோணமலை மக்களுக்குத் தமிழில் சொல்ல அரசுக்கு எந்தத் தடையும் இல்லை. எங்கள் ஊர் பொலிஸை நம்புமா என்பது அங்கிருந்துதான் தொடங்கும். விழிப்புணர்வுக் கூட்டங்களாலும் மென்பந்துக் கிரிக்கெட் போட்டிகளாலும் அது வராது.

அதுவரை ஊர் செய்யக்கூடிய வேலையும் இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டக்கோவையின் 110ஆம் பிரிவு, பொலிஸில் கொடுத்த வாக்குமூலத்தை அவரவருக்கு விளங்கும் மொழியில் விளக்கிச் சொல்ல வேண்டும், விளக்கவும் சேர்க்கவும் அவருக்கு இடமளிக்க வேண்டும் என்கிறது. இதை அறிந்தவர் ஊரில் எத்தனை பேர்? 2011இல் இரவுக் காவலுக்கு முறை போட்டு ஆள் நிறுத்தத் தெரிந்த பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கு, சிங்களம் வாசிக்கத் தெரிந்த நாலு பேரை முறை போட்டு வைப்பது பெரிய காரியமல்ல. முறைப்பாடு கொடுக்கப் போகிறவரோடு ஒருவர் கூடப் போகட்டும், எழுதியதை வாசிக்கட்டும், முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்து வாங்கட்டும். எழுத மறுத்தால் திருகோணமலையில் உள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்துக்கு அன்றே ஒரு கடிதம் போகட்டும். அந்த நாலு பேரில் இருவராவது பெண்களாக இருக்க வேண்டும். அடிபட்ட பெண்ணொருத்தி பெண்கள், சிறுவர் பணியகத்துக்குப் போகும்போது அவளோடு போகிறவர் அவளுடைய கணவனின் உறவுக்காரராக இருக்கக் கூடாது என்பதையும் நிர்வாகம் முதல் கூட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.